குடிவந்த கிளப்பும் கூட்டு லீக்கும்: விளையாட்டுக் கேள்வி பதில்

சென்ற இதழில், பெல்ஜியமும் நெதர்லாந்தும் தங்கள் கால்பந்து லீக்குகளை ஒன்றாக்கப் பலமுறை பேசியும் காரியம் கைகூடவில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை பக்கங்களை நிரப்பிவிட்டன. ஆகவே கிரிக்கெட் கேள்விகள் அனுப்பியோர் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கோயம்புத்தூர் வாசகர்: இரண்டும் சிறிய நாடுகள், அடுத்தடுத்த நாடுகள், பெல்ஜியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் டச்சு மொழியே பேசுகிறார்கள். இரண்டு லீக்குகளையும் இணைப்பதில் அப்படி என்னதான் சிக்கல்?

சிக்கலைச் சொல்லுமுன் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் ஆசை நியாயமானதே. இன்றைய லீக் ஒன்றின் வருமானத்தில் பெரும்பங்கு தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமையிலிருந்து வருகிறது. அந்த உரிமை என்ன விலைக்குப் போகும் என்பதை, ஆட்டத்தின் அழகைவிட, வீட்டில் உட்கார்ந்து பார்க்கச் சந்தா கட்டுவோரின் எண்ணிக்கையே முடிவுசெய்கிறது. நெதர்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.8 கோடி, பெல்ஜியத்தினுடையது 1.2 கோடிக்கும் சற்றுக் குறைவு. தனித்தனியே நின்றால் இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் சந்தைக்கு முன்னால் இவ்விரண்டும் ஈடுகொடுக்க முடியாது. 2019-ஆம் ஆண்டு மே மாதம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், இறுதிப் போட்டியின் வாசற்படி வரை வந்து கடைசி விநாடிகளில் இங்கிலாந்தின் டாட்டன்ஹாமிடம் வாய்ப்பை இழந்த நெதர்லாந்தின் அயாக்ஸ் அணி, அந்தக் கோடையிலேயே ஃபிரெங்கி டி யோங்கை பார்சிலோனாவிடமும் மத்தைஸ் டி லிக்ட்டை யுவென்டஸிடமும் பறிகொடுத்தது. நாற்று வளர்ப்பது நாம், அறுவடை செய்வது வேறொருவர் என்ற இந்த ஆற்றாமைதான் ‘பெனேலீகா’ என்ற பெல்ஜிய–நெதர்லாந்துக் கூட்டு லீக் பேச்சின் வேர்.

பேச்சு வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. இரு நாட்டுப் பெரிய கிளப்களுக்காக டெலாய்ட் நிறுவனம் ஆய்வு செய்து, இணைந்த லீக் ஆண்டுக்கு 40 கோடி யூரோ வரை ஈட்டக்கூடும் என்று கணித்தது. நெதர்லாந்திலிருந்து 10, பெல்ஜியத்திலிருந்து 8 என மொத்தம் 18 கிளப்கள் ஆடலாம் என்ற வரைவும் வந்தது. 2021 மார்ச்சில் பெல்ஜியத்தின் தொழில்முறைக் கிளப்கள் அனைத்தும் கொள்கையளவில் ஒருமனதாக ஆதரவு தெரிவித்தன. அதற்கப்பால் திட்டம் நகரவில்லை.

ஏன் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கூட்டல் கழித்தல் போதும். அந்தப் பருவத்தில் இரு நாடுகளின் முதல் டிவிஷனிலும் தலா 18 கிளப்கள், ஆக 36. இணைந்த லீக்கில் இடம் 18. மீதி 18 கிளப்கள் ஒரு தவறும் செய்யாமல், ஓர் ஆட்டத்திலும் தோற்காமல், ஒரே நாளில் இரண்டாம் தளத்துக்கு இறங்க வேண்டும். இவற்றுள் எத்தனையோ கிளப்கள் சிற்றூர்களின் ஒரே அடையாளம். ஆண்டுக்கொருமுறை அயாக்ஸோ ஃபெயனூர்டோ ஊருக்கு வந்து ஆடும் நாள்தான் அவற்றின் திருவிழா, அந்த ஒரு நாள் வசூல்தான் அவற்றின் சேமிப்பு. அந்தத் திருவிழாவை நிறுத்திவிட்டு நட்ட ஈடாக ஒரு தொகையைத் தருகிறோம் என்றால், தொகையை வாங்கிக்கொள்வார்கள், வாக்கைத் தரமாட்டார்கள்.

அடுத்தது தரமிறக்கம். கடைசி மூன்று இடங்களிலும் பெல்ஜிய அணிகளே வந்தால், மூன்றையும் இறக்கிவிட்டு மேலே யாரை ஏற்றுவது? நெதர்லாந்தின் இரண்டாம் டிவிஷன் சாம்பியனையா, பெல்ஜியத்தினுடையதையா? திறமைக்கே இடம் என்றால் சில ஆண்டுகளில் ஒரு நாடு லீக்கிலிருந்தே கரைந்துபோகலாம். நாட்டுக்கு இத்தனை என்று ஒதுக்கீடு வைத்தால், 16-ஆம் இடத்து அணி இறங்க, 17-ஆம் இடத்து அணி பிழைத்துக்கொள்ளும் வேடிக்கையைப் பார்க்க வேண்டிவரும்.

இவை எல்லாவற்றையும்விடத் தீர்க்க அரிதானது ஐரோப்பியப் போட்டிகளுக்கான இடங்கள் பற்றிய கேள்வி. சாம்பியன்ஸ் லீக் உள்ளிட்ட போட்டிகளில் இடம் ஒதுக்கப்படுவது லீக்குக்கு அன்று, தேசியச் சங்கத்துக்கு. அந்தச் சங்கத்தின் கிளப்கள் ஐந்தாண்டுகளில் ஐரோப்பாவில் காட்டிய தேர்ச்சியே எத்தனை இடம் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டு சங்கங்களின் கிளப்கள் ஒரே லீக்கில் ஆடினால் சாம்பியன் ஒருவரா, இருவரா? இருவர் என்று வைத்துக்கொண்டால், முதல் நான்கு இடங்களை டச்சு அணிகள் பிடித்து ஐந்தாம் இடத்தில் ஒரு பெல்ஜிய அணி வரும் ஆண்டில், அந்த ஐந்தாம் அணி ‘பெல்ஜிய சாம்பியன்’ என்ற பெயரோடு போக, அதற்கு மேலே முடித்த அணி அதைவிடச் சிறிய போட்டிக்குப் போகும். ஒருவர்தான் என்றால், ஒரு நாடு தன் சாம்பியன் பட்டத்தையே துறக்க வேண்டும். பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். பட்டத்தைப் பங்கு போட முடியாது.

ரசிகரையும் மறந்துவிட வேண்டாம். நெதர்லாந்தில் கலவர அபாயமுள்ளவை என்று கருதப்படும் ஆட்டங்களுக்கு, வெளியூர் ரசிகர் நுழைவுச்சீட்டை மட்டும் தனியாக வாங்கிவிட முடியாது. கிளப் ஏற்பாடு செய்யும் பேருந்தில் ஏறினால்தான் சீட்டு. அந்தப் பேருந்தை வடகோடி குரோனிங்கனிலிருந்து எல்லை தாண்டிப் பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா வரை ஓட்டி, எந்த நாட்டுக் காவல்துறை எங்கே பொறுப்பேற்பது, இங்கே மைதானத்துக்குள் வரத் தடை விதிக்கப்பட்டவரை அங்கே எப்படித் தடுப்பது என்றெல்லாம் யோசிக்கும்போதுதான், நிர்வாகிகளின் மேசையில் எளிதாகத் தெரிந்த கணக்கு தெருவில் எப்படிச் சிக்குகிறது என்பது புரியும்.

நாகர்கோவில் வாசகி: பெண்கள் கால்பந்தில் இதே இரண்டு நாடுகளின் லீக்குகள் இணைந்து நடந்தன என்று படித்தேன். அது ஏன் நின்றுபோயிற்று?

நடந்தது உண்மை. 2012 முதல் 2015 வரை மூன்று பருவங்கள் ‘பெனே லீக்’ என்ற பெயரில் நடந்தது. முதல் பருவத்தில் நாட்டுக்கு எட்டாகப் பதினாறு கிளப்கள். பருவத்தின் முதற்பாதியில் அவரவர் நாட்டுக்குள் ஆடி, பிறகு முன்னணி அணிகள் ஒரு பிரிவாகவும் ஏனையவை மற்றொரு பிரிவாகவும் கலந்து ஆடின. அடுத்த பருவத்திலிருந்து ஒரே அட்டவணை. முதல் இரண்டு பட்டங்களை நெதர்லாந்தின் ட்வென்டே வென்றது. மூன்றாவதை பெல்ஜியத்தின் ஸ்டாண்டர்ட் லியேஜ் வென்றது. மேலே நான் குறிப்பிட்ட இரட்டைச் சாம்பியன் ஏற்பாடுதான் இங்கே கடைப்பிடிக்கப்பட்டது: அட்டவணையில் முதலிடம் யாருக்காயினும், அந்தந்த நாட்டு அணிகளுள் மேலே நின்றதற்கு அந்த நாட்டின் சாம்பியன்ஸ் லீக் இடம்.

பெண்கள் லீக்கில் இது சாத்தியமானதற்குக் காரணம், விட்டுக்கொடுக்க அதிகம் இல்லை என்பதே. ஒளிபரப்பு உரிமையில் கோடிகள் புரளவில்லை, சண்டையும் வரவில்லை. அது நின்றதற்கும் அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லை தாண்டிய பயணச் செலவைத் தாங்கும் வருமானம் இல்லாத நிலையில், வலுவான இரண்டு மூன்று அணிகளுக்கும் ஏனையவற்றுக்கும் இடையே இடைவெளி குறையவே இல்லை. சில கிளப்கள் ஒதுங்கிக்கொண்டன. 2015-க்குப் பின் இரு நாடுகளும் தத்தம் லீக்குக்கே திரும்பின. ஆனாலும் அதை வீண் முயற்சி என்று நான் சொல்லமாட்டேன். வாராவாரம் கடினமான எதிரணி கிடைப்பது ஆட்டக்காரருக்குப் பெரிய வரம். ஸ்டாண்டர்டுக்காக அந்த லீக்கில் கோல்களைக் குவித்த டெஸ்ஸா வுல்லார்ட், 2015-இல் நேராக ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் அணிக்குப் போனார்.

கிள்ளான், மலேசியா வாசகர்: மலேசியக் கிண்ணத்தில் சிங்கப்பூர் ஆடிய காலத்தைப் பற்றி அப்பா இன்றும் கண்கள் மின்னப் பேசுகிறார். நாடு பிரிந்த பிறகும் முப்பது ஆண்டு ஒன்றாக ஆடிய நாம், பிறகு ஏன் பிரிந்தோம்?

உங்கள் அப்பாவின் தலைமுறையினர் எல்லோருடைய கண்களும் இதைப் பேசும்போது மின்னும், நான் பார்த்திருக்கிறேன். 1921-இல் ‘எச்எம்எஸ் மலாயா’ என்ற போர்க்கப்பலின் பெயரால் வழங்கப்பட்ட மலாயா கிண்ணத்தின் (பின்னாளில் மலேசியக் கிண்ணம்) முதல் ஆண்டிலேயே சிங்கப்பூர் ஆடியது, வென்றது. 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் தனி நாடானபோது நாணயம், கடவுச்சீட்டு, படை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கால்பந்து மட்டும் பிரியவில்லை. ஆங்கிலேயர் காலத்துப் பழைய ஏற்பாடு ஒன்று, யாரும் கவனித்து நிறுத்தாததால், இரு நாடுகளுக்கு இடையிலான போட்டியாகத் தானே உருமாறிவிட்டது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: திட்டமிட்டு இணைத்த லீக்குகள் உதிர்ந்துபோயின, பிரிக்க மறந்த லீக்குகள் நீடித்தன.

1973-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்த் தேசிய மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் ஒரே குரலில் எழுப்பிய ஓசைக்கு, மைதானம் இருந்த காலாங் பகுதியை ஒட்டி, ‘காலாங் முழக்கம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாழைப்பழம்போல் வளைந்து செல்லும் பந்தை அடிப்பதில் பெயர்பெற்ற எஸ். ராஜகோபால் அந்த முழக்கத்தின் நாயகர்களுள் ஒருவர். பாலத்துக்கு இந்தப் பக்கம், ‘ஸ்பைடர்மேன்’ என்று மலேசியர்கள் செல்லமாக அழைத்த கோல் காப்பாளர் ஆர். ஆறுமுகம். இரு கரைத் தமிழர்களும் இரு வேறு சட்டைகளில் தங்களவரைக் கண்டு கைதட்டிய காலம் அது. ஒரே வீட்டில் அண்ணன் சிலாங்கூருக்கும் தம்பி சிங்கப்பூருக்கும் கத்திக்கொண்டிருந்ததாக உங்கள் அப்பாவும் சொல்லியிருப்பார்.

முடிவு வந்தது உச்சத்தில். 1994-இல் ஃபாண்டி அகமது தலைமையில் சிங்கப்பூர் லீக் பட்டம், மலேசியக் கிண்ணம் இரண்டையும் வென்றது. ஷா ஆலம் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் பகாங்கை 4–0 என்று வீழ்த்தியது. அப்பாஸ் சாட் மூன்று கோல் அடித்தார். ஜொகூர் பாலத்தைக் கடந்து பேருந்துகளில் ஆயிரக்கணக்கானோர் போய்ப் பார்த்த ஆட்டம். சில வாரங்களிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஆட்டங்களை முன்கூட்டியே விலைபேசி முடிக்கும் சூதாட்ட விவகாரம் இரு நாட்டுக் கால்பந்தையும் உலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், சிங்கப்பூரின் நுழைவுக் கட்டண வசூலில் மலேசியச் சங்கத்துக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறும் சேர்ந்துகொள்ள, 1995 தொடக்கத்தில் சிங்கப்பூர் விலகியது. அடுத்த ஆண்டு எட்டு கிளப்களோடு சிங்கப்பூரின் சொந்த லீக்கான எஸ்.லீக் தொடங்கியது.

பிறகு 2012-இல் ‘லயன்ஸ் 12’ என்ற பெயரில் சிங்கப்பூர் அணி ஒன்று மலேசிய லீக்குக்குத் திரும்பியது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இல்லாமல், பெரும்பாலும் இளைஞர்களை வைத்துக்கொண்டு, வி. சுந்தரமூர்த்தி பயிற்சியில் 2013-இல் மலேசிய சூப்பர் லீக்கையே வென்றது. ஒரு காலத்தில் மலேசிய மாநில அணிகளுக்காகவும் ஆடியவர் அவர் என்பது இதில் இன்னொரு சுவை. 2015-இல் எஃப்ஏ கிண்ணத்தையும் வென்ற லயன்ஸ் 12, அந்த ஆண்டு முடிவிலேயே, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் வெளியேறியது.

இரண்டு முறையும் கோப்பை வென்ற கையோடு விடைபெற்றது தற்செயலா என்று கேட்பீர்கள். முற்றிலும் தற்செயல் என்று நான் நம்பவில்லை. சிங்கப்பூர் அந்த லீக்கின் பங்காளி அன்று, குடியிருப்பவர். வாடகை எவ்வளவு என்பதை வீட்டுக்காரர்தான் சொல்வார். குடிவந்தவர் வீட்டுக்காரரின் பிள்ளைகளை முந்திக்கொண்டு முதல் பரிசு வாங்கும்போது, வாடகைப் பேச்சு தானாக எழும். இன்னொரு பக்கமும் உண்டு: சிறந்த இளைஞர்கள் எல்லாம் மலேசியாவில் ஆடச் சென்றுவிட்ட அந்த நான்கு ஆண்டுகளில் சிங்கப்பூரின் சொந்த லீக்கைப் பார்க்க ஆள் குறைந்தது என்ற மனத்தாங்கல் சிங்கப்பூரிலேயே இருந்தது.

யாழ்ப்பாணம் வாசகர்: லீக்குகள் இணையாமலே, ஒரு கிளப் மட்டும் தன் நாட்டை விட்டு அடுத்த நாட்டு லீக்கில் சேர்ந்த வரலாறு உண்டா?

பல உண்டு. அவற்றுள் என் மனத்தை விட்டு நீங்காதது டெரி சிட்டியின் கதை. வட அயர்லாந்தின் டெரி நகரில், கத்தோலிக்க மக்கள் நெருங்கி வாழும் பகுதியை ஒட்டியது பிராண்டிவெல் மைதானம். கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் தரப்புகளுக்கு இடையிலான வன்முறை உச்சத்தில் இருந்த 1971 செப்டம்பரில், அங்கு ஆட வந்த பாலிமீனா அணியின் பேருந்து கடத்தப்பட்டு எரிக்கப்பட்டது. அதன்பின் ஏனைய கிளப்கள் அங்கு வர மறுத்தன. டெரி தன் ‘சொந்த மைதான’ ஆட்டங்களை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோல்ரேனில் ஆட வேண்டிவந்தது. ரசிகர் வரவில்லை, வசூல் இல்லை. மைதானத்துக்கான தடையைப் பாதுகாப்புத் தரப்பே நீக்கிய பிறகும், லீக்கின் மற்றக் கிளப்கள் வாக்கெடுத்து, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பிராண்டிவெல்லை ஏற்க மறுத்தன. 1972 அக்டோபரில் டெரி லீக்கை விட்டு விலகியது.

பிறகு பதின்மூன்று ஆண்டுகள் அந்த நகருக்கு முதல்தரக் கால்பந்து இல்லை. கிளப் உள்ளூர்ச் சிறு லீக்கில் மட்டும் ஆடி உயிரோடிருந்தது. எல்லைக்கு அப்பால், அயர்லாந்துக் குடியரசின் லீக்கில் சேர முயன்று, வட அயர்லாந்துச் சங்கத்தின் இசைவையும் ஃபிஃபாவின் சிறப்பு அனுமதியையும் பெற்று, 1985-இல் மீண்டும் களமிறங்கியது. நான்கே ஆண்டுகளில், 1988–89 பருவத்தில், லீக், எஃப்ஏஐ கிண்ணம், லீக் கிண்ணம் மூன்றையும் வென்று, அடுத்த பருவம் ஐரோப்பியக் கிண்ணத்தில் பென்ஃபிகாவை எதிர்கொண்டது. அரசியல் எல்லைக்கு வடக்கே இருக்கும் ஒரு மைதானத்தில் தெற்கின் சாம்பியன் அணி.

அயர்லாந்துத் தீவு முழுவதற்கும் ஒரே லீக் என்ற யோசனை இன்றும் எழுந்தெழுந்து அடங்குகிறது. 1921-இல் டப்ளின் தரப்பு பெல்ஃபாஸ்டிலிருந்து பிரிந்து தனிச் சங்கம் அமைத்தது. நூறாண்டு கடந்தும் இரண்டு சங்கங்களும் இரண்டாகவே இருக்கின்றன. இரு தரப்பு அணிகளும் ஆடிய செடான்டா கிண்ணம் 2005 முதல் 2014 வரை நடந்து நின்றுபோனது. ரக்பியில் இதே தீவு ஒரே அணியாக ஆடுகிறது என்பதை நினைத்தால், தடை எல்லையில் இல்லை, சங்கத்தில் இருக்கிறது என்பது விளங்கும்.

ஸ்கார்பரோ, கனடா வாசகர்: எங்கள் டொரொன்டோ எஃப்சி அமெரிக்க லீக்கில்தான் ஆடுகிறது. நன்றாகத்தானே போகிறது? பிறகு ஏன் கனடாவுக்கென 2019-இல் தனி லீக் தொடங்கினார்கள்?

நன்றாகப் போவது கிளப்புக்கு. 2007-இல் டொரொன்டோ, 2011-இல் வான்கூவர், 2012-இல் மொன்றியால் என்று மூன்று கனடியக் கிளப்கள் அமெரிக்க லீக்கான எம்எல்எஸ்-இல் சேர்ந்தன. 2017-இல் டொரொன்டோ அந்த லீக்கின் கோப்பையையே வென்றது. ஆனால் நுணுக்கமான விதி ஒன்றைப் பாருங்கள். நீண்டகாலம் வரை, கனடியக் கிளப்பில் ஆடும் அமெரிக்கர் உள்நாட்டவராகக் கணக்கில் கொள்ளப்பட்டார். அமெரிக்கக் கிளப்பில் ஆடும் கனடியரோ வெளிநாட்டவருக்கான இடத்தில் ஒன்றை நிரப்ப வேண்டியிருந்தது. ஆகவே ஓர் அமெரிக்க நிர்வாகி, வெளிநாட்டவர் இடத்தை ஓர் அர்ஜென்டினருக்குத் தருவாரா, மிசிசாகாவில் வளர்ந்த பையனுக்குத் தருவாரா என்று நீங்களே சொல்லுங்கள். இந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டது. எனினும் மூன்று கிளப்களை மட்டும் நம்பி ஒரு பெரிய தேசத்தின் ஆட்டக்காரர்களை வளர்க்க முடியாது என்பது அதற்குள் தெளிவாகிவிட்டது. ஏழு அணிகளோடு கனடியன் பிரீமியர் லீக் பிறந்தது. அதன் அணிகளும் உங்கள் மூன்று கிளப்களும் சந்திக்கும் இடம் கனடியச் சாம்பியன்ஷிப். கண்ட அளவிலான போட்டிக்கு ஒரு வழி அதன் வழியாகச் செல்கிறது. குடியிருந்துகொண்டே ஊரில் சொந்த மனையும் வாங்கிப்போட்ட கதை இது, நல்ல யோசனைதான்.

சேலம் வாசகர்: ஸ்காட்லாந்தின் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் இங்கிலாந்து பிரீமியர் லீக்குக்கு மாறுமா?

மாறாது. 2009-இல் போல்டன் கிளப்பின் தலைவர் இப்படியொரு திட்டத்தைக் கொண்டுவந்தபோது பிரீமியர் லீக் கிளப்கள் தள்ளுபடி செய்துவிட்டன. கிளாஸ்கோவிலிருந்து இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் இருவர் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கப் போவது தாமாக இருக்கலாம் என்று அஞ்சுவோர் பத்துப் பேருக்கு மேல் எப்போதும் அந்த அவையில் இருப்பார்கள்.

சென்னை, சட்டக் கல்லூரி மாணவி: கிளப்கள் விரும்பினால் போதாதா? எல்லை தாண்டிய லீக்குக்கு யாருடைய அனுமதி வேண்டும்? 2023 தீர்ப்புக்குப் பிறகு அந்த அனுமதியே தேவையில்லை என்கிறார்களே?

ஒரு கிளப் வேறொரு சங்கத்தின் லீக்கில் ஆட, இரண்டு தேசியச் சங்கங்களும் கண்டக் கூட்டமைப்பும் ஃபிஃபாவும் இசைய வேண்டும். அதுவும் விதிவிலக்கான சூழலில் மட்டும். ஐரோப்பாவில் கண்டக் கூட்டமைப்பு என்பது யூஃபா. அதில் 55 சங்கங்கள், பெரிதோ சிறிதோ சங்கத்துக்கு ஒரு வாக்கு. லீக்குகள் இணைந்தால் நாளை சங்கங்களும் இணையலாம், இணைந்தால் வாக்கும் போய்விடும், தேசிய அணியும் போய்விடும் என்ற அச்சம் சிறிய சங்கங்களுக்கு உள்ளூர எப்போதும் உண்டு. பிரிட்டனின் நான்கு சங்கங்கள் ஒலிம்பிக்கில் ஓரணியாக ஆடவே தயங்குவது இந்த அச்சத்தால்தான்.

நீங்கள் குறிப்பிடும் தீர்ப்பு, 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பெரிய கிளப்கள் அறிவித்து மூன்றே நாளில் சரிந்த சூப்பர் லீக் திட்டத்தை ஒட்டியது. 2023 டிசம்பர் 21 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், முன் அனுமதி பெற வேண்டும் என்ற ஃபிஃபா, யூஃபா விதிகள் வெளிப்படையான, பாரபட்சமற்ற அளவுகோல்கள் இல்லாமல் அமைந்திருந்ததால் வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானவை என்று கூறியது. அனுமதி கேட்பதே தவறு என்று அது கூறவில்லை; அந்தச் சூப்பர் லீக்கை ஏற்றாக வேண்டும் என்றும் கூறவில்லை. கதவுக்குக் காவலாளி இருக்கலாம், யாரை எதற்காக உள்ளே விடுவேன் என்பதைக் கதவில் எழுதி ஒட்ட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். நாளை பெல்ஜியமும் நெதர்லாந்தும் மீண்டும் விண்ணப்பித்தால், ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு யூஃபா முடித்துவிட முடியாது. தேர்வில் இதை எழுதும்போது ‘தடை நீங்கியது’ என்று எழுதிவிடாதீர்கள்.

மதுரை வாசகர்: அப்படியானால் இரண்டு நாடுகளின் ஆண்கள் லீக்குகள் முழுமையாக ஒன்றான வரலாறே கிடையாதா?

உண்டு, ஆனால் நாடுகள் முதலில் ஒன்றாக வேண்டியிருந்தது. 1990 அக்டோபரில் ஜெர்மனி இணைந்தது. கிழக்கின் முதல் டிவிஷனான ஓபர்லீகாவின் கடைசிப் பருவம் 1990–91. அதன் பதினான்கு அணிகளில் ஹன்சா ராஸ்டாக், டைனமோ டிரெஸ்டன் ஆகிய இரண்டுக்கு மட்டும் மேற்கின் முதல் டிவிஷனான பண்டஸ்லீகாவில் இடம்; ஆறு அணிகளுக்கு இரண்டாம் பண்டஸ்லீகா; ஏனையவை அதற்கும் கீழே. அடுத்த 1991–92 பருவத்துக்காக மட்டும் பண்டஸ்லீகா 18-லிருந்து 20 அணிகளாக விரிந்தது. பருவத்தின் தொடக்க வாரங்களில் அட்டவணையின் உச்சியில் நின்ற ராஸ்டாக், பருவ முடிவில் தரமிறங்கியது. டிரெஸ்டன் 1995 வரை தாக்குப்பிடித்தது. 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து முறை கிழக்கின் சாம்பியனாக இருந்த பிஎஃப்சி டைனமோ, அதிகார வர்க்கத்தின் அரவணைப்பு போனதும் அமெச்சூர் டிவிஷன்களில் கரைந்தது. லீக்குகள் இணையுமுன்பே ஆட்டக்காரர்கள் மேற்கே போய்விட்டிருந்தார்கள்: ஆந்திரேயாஸ் டோம், உல்ஃப் கிர்ஸ்டன், மத்தியாஸ் சாமர். பெயரளவில் இணைப்பு, உண்மையில் பெரியது சிறியதை விழுங்கியது.

இதற்கு நேரெதிர் முயற்சி ஒன்று கிழக்கே நடந்தது. ரஷ்ய, உக்ரைனிய லீக்குகளை மறுபடி ஒன்றாக்கும் எண்ணத்துடன் 2013 கோடையில் ரஷ்யாவின் செனித், ஸ்பார்டக், உக்ரைனின் டைனமோ கீவ், ஷக்தார் டொனெட்ஸ்க் நான்கும் ‘ஒருங்கிணைந்த போட்டி’ என்ற பெயரில் ஆடின; கீவ் வென்றது. சோவியத் காலத்து லீக்கின் நினைவும் ரஷ்ய எரிவாயுப் பணமும் சேர்ந்த கலவை அது. 2014 தொடக்கத்தில் இன்னொரு முறை, இஸ்ரேலில் ஆடினார்கள். சில வாரங்களில் ரஷ்யா கிரைமியாவை எடுத்துக்கொண்டது; அந்த ஆண்டுக்குள் டொனெட்ஸ்க்கில் போர் மூண்டு, ஷக்தார் தன் சொந்த ஊரை விட்டே வெளியேறியது. இன்றுவரை திரும்பவில்லை.

தூத்துக்குடி வாசகர்: இங்கிலாந்தில் இருந்துகொண்டு வேல்ஸ் நாட்டின் சாம்பியன் ஆகும் கிளப் ஒன்று உண்டாமே? நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள், பந்தயம் கட்டியிருக்கிறேன்.

பந்தயப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வேல்ஸின் கார்டிஃப், ஸ்வான்சி, ரெக்ஸம், நியூபோர்ட் ஆகிய கிளப்கள் இங்கிலாந்து லீக் அமைப்பில் ஆடுவது உங்கள் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். 1927-இல் கார்டிஃப் இங்கிலாந்தின் எஃப்ஏ கிண்ணத்தையே வென்றது, 2013-இல் லீக் கிண்ணம் வென்ற ஸ்வான்சி இங்கிலாந்தின் கணக்கில் ஐரோப்பா சென்று வலென்சியாவை அதன் மைதானத்திலேயே தோற்கடித்தது. இதற்கு எதிர்த்திசையில் போனது ‘தி நியூ செயின்ட்ஸ்’. இதன் மைதானம் எல்லைக்கு இப்பால், இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரியில் இருக்கிறது. ஆடுவது வேல்ஸ் லீக்கில், அதுவும் பட்டங்களை அடுக்கிக்கொண்டு. 2024-இல் ஐரோப்பியப் போட்டிகளுள் ஒன்றான கான்ஃபரன்ஸ் லீக்கின் முதன்மைச் சுற்றுக்குத் தகுதிபெற்று, வேல்ஸ் லீக்கிலிருந்து அந்த நிலையை எட்டிய முதல் கிளப் ஆனது. ஆஸ்வெஸ்ட்ரி மைதானம் அந்தச் சுற்றுக்குரிய தரத்தில் இல்லை. ஆகவே ‘சொந்த மைதான’ ஆட்டங்களுக்காக வேல்ஸின் சாம்பியன் தன் பேருந்தில் ஏறி, வேல்ஸுக்குப் போகாமல், இங்கிலாந்துக்குள் இன்னும் உள்ளே, ஷ்ரூஸ்பரிக்குப் போனது.